மூன்றாவது டீ

சாவு வீட்டில் பாடுவது என் தொழில். ஆரணியைச் சுற்றி எந்த ஊரில் காரியம் என்றாலும் கூப்பிடுவார்கள். இறந்தவரின் பெயர், ஊர், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றைப் பாட்டில் செருகிப் பாடுவேன். பாட்டும் மெட்டும் என்னுடையவை. இருந்தவரைக்கும் ஊரே திட்டிய ஆளைக்கூட இரண்டே சரணத்தில் தெய்வமாக்கிவிடுவேன். கேட்பவர்கள் தேம்பித் தேம்பி அழுவார்கள். எனக்கு மட்டும் மதியம் என்ன குழம்பு வைக்கலாம் என்ற யோசனை ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் என் வீட்டுக்காரர் போனார். பட்டுச்சேலை நெய்கிறவர். ஒருநாள் காலையில் தறியை விட்டு எழுந்து, "டீ குடிச்சிட்டு ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஜல்தி என்பது குறைந்தது இரண்டு மணி நேரம். அதனால் நான் தேடவில்லை. டீக்கடை பெஞ்சிலேயே மாரடைப்பு.

பதினாறாம் நாள் காரியத்தில் நான்தான் பாடுவேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. கடைசி நேரத்தில் தெள்ளார் பக்கமிருந்து வேறொரு பாட்டுக்காரரை வரவழைத்தார்கள். அவர் மைக்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பாட்டு. எப்போதோ ஒரு ரைஸ்மில் முதலாளி இறந்தபோது நான் கட்டியது. மனிதர் சீட்டைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார், மற்ற வரிகளைத் தொடவே இல்லை.

"களம்பூரு மில்லக் கட்டியாண்ட ராசாவே,
நெல்லு லாரி நிக்குதய்யா, எங்க போன ராசாவே..."

என் ராசாவுக்கு ரேஷன் அரிசிப் பையைத் தூக்கவே துணைக்கு ஆள் வேண்டும். பந்தலில் இருந்தவர்கள் லாரியைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், முறைத்தார். தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நானும் பாடுவதை நிறுத்திவிட்டேன். கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொன்னேன். இனி யாரையாவது ராசா என்று பாடினால் எனக்கே சிரிப்பு வரும், அப்புறம் எப்படித் தொழில் நடத்துவது?

மாதங்கள் போனபின் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர்மேல் கண்மண் தெரியாத கோபம் வந்தது. ஜல்தியா வந்துடறேன்னு போன மனுசா, உன் ஜல்திக்கு ஒரு அளவில்லையா என்று திட்டினேன். திட்டு அழகாகத் தாளத்தில் உட்கார்ந்தது. ஈரக் கையோடு ஒரு காலண்டர் தாளைக் கிழித்து எழுதினேன். பல நாள் திட்டித் திட்டியே பாட்டு முழுசானது. குரலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

தலை திவசத்தன்று சாப்பாடு முடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னால் அதைப் பாடினேன். அவருடைய குறட்டை, கேட்காமல் எடுத்துக்கொள்ளும் கடைசித் தோசை, நாள் தவறாமல் சொன்ன ஜல்திப் பொய், எல்லாம் அதில் இருந்தன. யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. பெரியவர் ஒருவர் எழுந்தே போய்விட்டார். நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். இந்த உறவு இன்றோடு அறுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் நாத்தனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கி அவன் டீய குடிச்சானா, குடிக்காமயே பூட்டானா?"

ஒரு வருஷமாக அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். கேட்கத்தான் வாய் வரவில்லையாம். நான் டீக்கடைக்காரரிடம் அப்போதே விசாரித்திருந்தேன்.

"ரெண்டு குடிச்சாருங்க அண்ணி. மூணாவது சொல்லிட்டு ஒக்காந்துகினு இருந்தாராம்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வெடித்தது, சிரித்தபடியே அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அதையும் சேத்துப் பாடு" என்றார்.

மூன்றாவது டீயை அங்கேயே ஒரு சரணமாகக் கட்டிப் பாடினேன். இத்தனை வருஷத் தொழிலில், பாடும்போது நான் அழுதது அன்றைக்குத்தான்.