நாகவல்லி புறப்பட்ட வியாழக்கிழமை

நாகவல்லி வெளிநாடு போகிறாள் என்ற சேதி மேனாம்பேட்டில் பரவி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வியாழக்கிழமை காலை அவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, நேராக எதிர்வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாம்மா, ஏரோப்ளேன் வேம்புலியம்மா ஊட்டுக்குள்ள நிக்குதா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, நீயும் வர்றியா? எடம் கீது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள் நாகவல்லி. பதில் சொல்ல அவள் யோசித்ததாகச் சரித்திரமே இல்லை.

விஷயம் இதுதான். லிபியாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்சுகளை எடுத்தார்கள். நாகவல்லி அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஏழு வருஷமாகக் காயத்துக்குக் கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப் போனவள். ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும் என்பதற்காகவே கண்விழித்துப் படித்தவள். நேர்முகத்தில் கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று பதில் சொல்லி, இரண்டு வருஷ வேலையைக் கையோடு வாங்கி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பம்பாய்க்கு ரயில், அங்கிருந்து விமானம். வந்த வினை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். லிபியாவும் மேற்கேதான் இருக்கிறது.

அவள் புருஷன் கோவிந்தன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். இரும்பில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். பஞ்சாங்கத்தையும் அதே கண்ணால்தான் படிப்பான். பயண நாள் சரியில்லை என்றால், முன்னதாக ஒரு நல்ல நாளில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வேறு வீட்டில் தங்கியிருந்து, அங்கிருந்தே போவது வழக்கம். அதைப் பரஸ்தானம் என்பார்கள். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் படி தாண்டிவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. திரும்பி வீட்டுக்குள் கால் வைத்தால் எல்லாம் கெட்டது.

நாகவல்லிக்குச் சூலத்திலும் நம்பிக்கை கிடையாது, பரஸ்தானத்திலும் நம்பிக்கை கிடையாது. இருந்தும் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு வேறொரு காரணம் இருந்தது. மகள் சுசீலாவுக்கு நாலு வயது. அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள்.

"மூணு நாளு நான் அங்க கீறேன், மாமா. பாப்பா உன்னாண்டயே இருக்கட்டும். அங்க இட்டுகினு வராத. அவ ஒத்து வந்துட்டா நான் போறேன். இல்லாங்காட்டி டிக்கெட்ட திருப்பிக் குடுத்துடுவேன்," என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

சொன்னால் செய்கிறவள். கோவிந்தனோ தன் பெண்டாட்டி தியேட்டர் நர்சாகப் போகிறாள் என்று பட்டறை முழுக்கச் சொல்லி, எல்லோருக்கும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தான். சனிக்கிழமை வரைக்கும் லீவு போட்டுவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எதிர்வீட்டு வேம்புலியம்மாள் இட்லி விற்கிறவள். தனிக்கட்டை, பேச ஆள் கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாகவல்லி பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தாள். விமானத்தில் இருபது கிலோதான் விடுவார்கள். விறகுத்தொட்டித் தராசில் நிறுத்ததில் சூட்கேஸ் இருபத்து மூன்று காட்டியது. புளியை எடுத்தாள், வடகத்தை எடுத்தாள், இரண்டு புடவையை எடுத்தாள். வேம்புலியம்மாள் அடியில் கிடந்த தடிப் புத்தகத்தை எடுக்கச் சொன்னாள்.

"அது ஆபரேசன் புக்கு, யக்கா. அத எடுத்தா நானே போக வேணாம்."

தடுப்பூசி அட்டை, ஒப்பந்தக் காகிதம், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின. அவள் கையில் எதுவும் இரண்டாம் தடவை தேடும்படி இருக்காது. சாயங்காலம் எதிரே அழுகை கிளம்பியதும்தான் அந்தக் கை நின்றது.

சுசீலா தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். கோவிந்தன் தூக்கினால் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். வேம்புலியம்மாள் பொறுக்க மாட்டாமல் எழுந்தாள்.

"நான் போயி கொழந்தைய தூக்கியாறேன். கல்லு மனசுடி உனுக்கு."

"ஒக்காரு யக்கா. இன்னிக்கு நான் போனா நாளைக்கும் போவணும்," என்றாள் நாகவல்லி. குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் அழுகை ஓயும்வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையும் குழந்தை சாப்பிடவில்லை. மத்தியானம் கோவிந்தன் ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்து வாசற்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தன் கையில் சுளுக்கு, சாப்பிட முடியவில்லை, உயிர் போகிறது என்று முனகினான். அந்த நடிப்புக்கு நாடகக் கம்பெனியில்கூட யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். குழந்தை நம்பியது. ஒரு வாய் எடுத்து அப்பனுக்கு ஊட்டியது. அடுத்த வாய் அவன் கண்ணால் கெஞ்ச, தன் வாயில் போட்டுக்கொண்டது. இப்படியே தட்டு காலியாயிற்று. இந்த வித்தையை நாகவல்லி அவனுக்குச் சொல்லித் தரவில்லை. ஜன்னலில் நின்றபடி வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அழுகையே இல்லை. சனிக்கிழமை காலை கோணல்மாணலாகப் பின்னிய இரட்டைச் சடையோடு சுசீலா வாசலில் விளையாடினாள். ஜன்னலில் அம்மாவைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டு மறுபடி விளையாடப் போய்விட்டாள். நாகவல்லிக்குத் தான் ஜெயித்தது சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. இனி சூட்கேஸைப் பூட்ட வேண்டியதுதான் என்று எழுந்தாள்.

அப்போது சுசீலா தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கேட்டாள்.

"அம்மா, லிபியால கொசு கடிக்குதா?"

வேம்புலியம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாகவல்லியும் சிரித்துக்கொண்டே, "லிபியா எங்கடி கீது?" என்றாள்.

"தோ, நீ நிக்கிறியே. அம்மா லிபியாவுக்குப் பூடிச்சின்னு அப்பா சொல்லிச்சே."

நாகவல்லியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பயணம் தொடங்கியாயிற்று, மாற்றிச் சொல்லக்கூடாது என்று கோவிந்தன் சாஸ்திரப்படி குழந்தையிடமும் அப்படியே சொல்லியிருக்கிறான். குழந்தை எதிரே பார்த்தது, அம்மா நின்றாள். இவ்வளவுதான் லிபியா என்றால் எதற்கு அழ வேண்டும்? நாளை மத்தியானம் இந்த ஜன்னலில் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று நாளாகத் தான் வைத்த பரீட்சை ஒன்றுக்கும் உதவாதது என்று அவளுக்குப் புரிந்தது.

விடுவிடுவென்று தெருவைக் கடந்தாள். கோவிந்தன் பதறி ஓடி வந்து வாசலை மறித்தான்.

"நாகு, படி ஏறாத. எல்லாம் கெட்டுப்பூடும்."

"பெத்த பொண்ண ஏமாத்திட்டுப் போறதுக்கு, சூலத்துல போறது எவ்வளவோ மேல். தள்ளு மாமா."

உள்ளே போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். "கேளு பாப்பா. அது லிபியா இல்ல. அது வேம்புலியம்மா ஊடு. நாளைக்கு நான் ரயில்ல போவேன், அப்பறம் ஏரோப்ளேன்ல போவேன். அங்கேந்து பாத்தா நீ தெரிய மாட்ட. நானும் உனுக்குத் தெரிய மாட்டேன். ரெண்டு பொங்கல் கழிச்சிதான் வருவேன்."

சுசீலா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உதடு பிதுங்கி, அழத் தொடங்கினாள். நாகவல்லிக்கும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, வந்ததை அடக்கவில்லை.

"அப்ப டிக்கெட்ட திருப்பிடறியா?" என்றான் கோவிந்தன், செத்த குரலில்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையெல்லாம் சோறு. விரலிடுக்கில் தேங்காயெண்ணெய். இந்தப் பரீட்சையில் உண்மையாகவே தேறியவன் ஒருத்தன் இருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ அழுவா. ரொம்ப நாளு அழுவா. நீ தாங்குவியா?"

"மூணு நாளா இன்னா பண்ணிகினு கீறேன்?" என்றான் அவன். குரலில் ரோஷம் இருந்தது.

"அப்ப நான் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம் இருக்க, நாகவல்லி தன் சொந்த வீட்டு வாசற்படியிலிருந்தே புறப்பட்டாள். ஸ்டேஷனுக்குத் துணையாகப் புதுப்புடவையில் வேம்புலியம்மாள் டாக்சிக்குள் ஏறி, மகாராணிபோல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவளுக்கு முதல் டாக்சி. கோவிந்தன் சாமி படத்தைப் பார்த்து இரண்டு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுசீலாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். அதனால் வீறிட்டு அழுதாள். வண்டி கிளம்பும்போது நாகவல்லி தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தாள். குழந்தை அப்பனின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது.

"போலாம்பா," என்றாள் டிரைவரிடம்.