நெட்டில் வந்த அம்மா

அம்மாவின் படம் நெட்டில் வந்திருக்கிறது என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, அம்மாவேதான். அவள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் காலிக் கூடையோடு வந்து, முகம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். தினமும் சென்னை வண்டியில் போகிற காலேஜ் பையன் ஒருவன் அவளைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க போட்டோ நெட்ல வந்துருக்குது" என்றானாம். எங்கே பார்க்கலாம் என்று ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதியும் கொடுத்திருந்தான். அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"நானே என் மூஞ்சிய ஒயுங்கா பாத்து ஒரு மாசம் ஆவுது. அதுக்குள்ள ஊரு பாத்துடுச்சா" என்று சிரித்தாள்.

நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நெட் என்றால் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற இடம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்குத் தெரிந்திருந்தது வேறு. அந்த வருஷங்களில் ஒரு பெண்ணின் படம் நெட்டில் வந்துவிட்டது என்று சொன்னால், கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெரியப்பாவும் தாழ்த்திக்கொண்டார்.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். பெரியம்மா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். வல்லம் பக்கத்தில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தில் அவர்தான் மல்லாட்டை போட்டார். அந்த மல்லாட்டையைத்தான் அம்மா அவித்து விற்றாள். இருந்தும் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. புருஷனின் அண்ணனோடு பெண் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு முழ தூரத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே, "பெரியப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம்தான் சொல்வாள். அவர் அதைக் கேட்டு எழுந்திருக்க மாட்டார். நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான்.

"பாப்பா, அது இன்னா போட்டோன்னு கேளு."

"பஸ்ல எடுத்ததுன்னு சொல்லு."

"யாரு எடுத்தான்னு கேளு."

"தெரியாதுன்னு சொல்லு."

நான் நடுவில் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். "யாரு எடுத்தான்னே தெரியாதா?" என்று பெரியப்பா கேட்டதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அரிசி மில்லிலிருந்து அப்பா வந்ததும் முடிவானது. அதில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்கிற வரைக்கும் அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டாம். அப்பா மெதுவான மனிதர். "அண்ணன் சொல்றாருல்ல. ரெண்டு நாளு வூட்ல இரு" என்றார்.

அம்மாவுக்கு இரண்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் விற்கிறவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. எந்த வண்டியில் யார் ஏறுவது என்பது எங்கேயும் எழுதி வைக்காத பாத்தியதை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வருகிற சென்னை வண்டிகள் நாலும் அம்மாவுடையவை. அவள் ஏறுகிற வண்டியில் வெள்ளரிப் பிஞ்சுக்காரி ஏற மாட்டாள். ஆனால் ஒருத்தி வரவில்லை என்றால் அவளுடைய வண்டி சும்மா போகாது. ஒரு வாரம் வேறொருத்தி ஏறிவிட்டால் பிறகு அது அவள் வண்டி. அந்த நாலு வண்டிகளைப் பிடிக்க அம்மாவுக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரியப்பாவும் அப்பாவும் என்னையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்பதால். செருப்பை வெளியே விடச் சொல்லிப் பலகை இருந்தது. பெரியப்பா செருப்பை விட்டதோடு, தோளில் இருந்த துண்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் சீட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தார். பிறகு நாங்கள் நாலு பேரும் காத்திருந்தோம்.

படம் மேலிருந்து கீழாக, துணி காயப்போடுகிற மாதிரி இறங்கியது. முதலில் பஸ்ஸின் கூரை. பிறகு ஜன்னல் கம்பி. பிறகு அம்மாவின் வகிடு, பொட்டு, திறந்த வாய். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மல்லாட்டைப் பொட்டலத்தை நீட்டியபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானை சரியாக இருக்கிறதா என்று அப்பா குனிந்து பார்த்ததை நான் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

படத்தில் குற்றமில்லை. ஆனால் அதன் கீழே பக்கம் முழுக்க ஏதோ எழுதியிருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. சின்னச் சின்னச் சதுரங்கள், வரிசை வரிசையாக, நடுநடுவே ஒரு புள்ளி, ஒரு கேள்விக்குறி.

"இன்னாப்பா இது?"

"தமிழ்லதாங்க எழுதியிருக்குது. நம்ம சிஸ்டத்துல அந்தத் தமிழ் வராது."

"தமிழ்நாட்டுல கட வெச்சிக்கினு தமிழ் வராதுன்றியே."

"பழைய சிஸ்டம் பெரியவரே. விழுப்புரத்துல புதுசா போட்டுருக்காங்க, அங்க வரும்."

பெரியப்பா கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதா இருந்தா எதுக்கு மறச்சி எழுதறான்?" என்று அப்பாவிடம் கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கடைசியில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதைக் கடைக்காரர் படித்துச் சொன்னார். இதைப் பார்த்துவிட்டு இருபத்தேழு பேர் பதில் எழுதியிருக்கிறார்களாம்.

"இருவத்தேழு ஆம்பளைங்க" என்றார் பெரியப்பா.

"பொம்பளைங்களும் எழுதலாங்க" என்று கடைக்காரர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கட்டங்கள்தான் இருந்தன. அம்மா வீட்டிலேயேதான் இருந்தாள். ஆனால் மூன்று மணி ஆனால் வாசலுக்கு வந்து நின்றாள். "மொத வண்டி வந்துருக்கும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். "எவ ஏறிக்கினு இருக்காளோ." வியாழக்கிழமை வெள்ளரிப் பிஞ்சுக்காரி தெருவோடு போகிறவள் போல வந்து, "ஒடம்பு இன்னா பண்ணுது?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். அவள் கூடையின் ஓரத்தில் மல்லாட்டைப் பொட்டலங்கள் இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போவது என்றானது. பெரியப்பாவுக்கு நிலத்தில் வேலை இருந்தது. அப்பாவும் நானும் கிளம்பும்போது அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு?" என்றார் அப்பா.

"என்னப் பத்தி இன்னா எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரிய வாணாமா?"

அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, வா என்றார்.

விழுப்புரத்துக் கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் சின்ன வயசுக்காரர், கலகலப்பானவர். சீட்டை வாங்கி அடித்தார். படம் சட்டென்று வந்தது. அதன் கீழே, கட்டங்கள் இருந்த இடமெல்லாம் தமிழ். எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிற அதே தமிழ். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. "நீ படி" என்றார் அப்பா என்னிடம்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவள். இன்றைக்கும் நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. ஆனால் எழுதியிருப்பதைப் படிப்பது வேறு. அது நம் பேச்சு இல்லை. நான் சத்தமாகப் படித்தேன்.

எழுதியவர் வாராவாரம் அந்த வண்டியில் சென்னைக்குப் போகிறவர். திண்டிவனம் வந்தால் தூக்கம் கலைந்துவிடும், காரணம் ஒரு வேர்க்கடலை அம்மா என்று ஆரம்பித்திருந்தார். அதன் பிறகு முழுக்க அம்மா பேசியவைதான். சூடாக இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதற்கு, "சூடு கம்மின்னா சொல்லு சார், என் கோவத்துல கொஞ்சம் கலந்து தர்றேன்" என்றாளாம். ஒன்று சொத்தையாக இருந்தது என்று சண்டைக்கு வந்தவரிடம், "ஒண்ணு சொத்தையா இருந்தாத்தான் மத்தது நல்லதுன்னு தெரியும். கல்யாணம் ஆனவருதானே, உங்களுக்குத் தெரியாததா?" என்றாளாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறாயே, பயமில்லையா என்று கேட்டதற்கு, "வண்டி எங்க திரும்பும்னு எனக்குத் தெரியும் சார். டிரைவருக்குத்தான் சில நாளு மறந்துபூடுது."

விழுப்புரத்துக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "நீயா சொன்ன?" என்று அம்மாவைப் பார்த்தார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அம்மா இப்படி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சிரித்ததில் எனக்கு உற்சாகமாகிவிட்டது. குரலை உயர்த்தி, மேடையில் படிப்பதுபோல மேலே படித்தேன்.

"எப்படிம்மா இவ்வளவு பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். வூட்ல பேசறதுக்கு இல்ல சார், பேசறதுக்குன்னுதான் பஸ் ஏறுறேன், மல்லாட்டை சும்மா கூட வருது என்றார்."

இதற்குச் சிரிப்பு வரவில்லை. நான் சரியாகப் படிக்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தரம் படித்தேன்.

"மேல படி" என்றார் அப்பா.

மேலே அந்த இருபத்தேழு பேர்தான். நல்ல மனிதர்கள். ஒருவர் கனடாவில் இருந்தார், அங்கே பனி கொட்டுகிறதாம், இந்தக் கடலை கிடைக்குமா என்று ஏங்கியிருந்தார். அடுத்த தடவை திண்டிவனத்தில் இறங்கி அந்த அம்மாவைப் பார்க்காமல் வர மாட்டேன் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், "அவரிடம் கேட்டுவிட்டுத்தான் படத்தைப் போட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கு எழுதியவர் பதில் சொல்லியிருந்தார். அதையும் நான் படித்தேன்.

"அவர் இதையெல்லாம் எங்கே வந்து பார்க்கப் போகிறார்? இரண்டு புள்ளி, ஒரு அடைப்புக்குறி."

"அது சிரிக்கிற குறிம்மா, அதப் படிக்கக் கூடாது" என்றார் கடைக்காரர்.

கீழே இறங்கி வந்ததும் அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "தப்பா ஒண்ணும் இல்ல. நாளைக்கே போ" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அம்மா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். நாலு வண்டிகளும் திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் மூன்றுதான் கிடைத்தன. கடைசி வண்டியை வெள்ளரிப் பிஞ்சுக்காரி விடவில்லை. வழக்கமாக இதற்கு அம்மா பஸ் ஸ்டாண்டையே இரண்டாக்கியிருப்பாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

வீட்டில் அப்பா மாறினார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அடுத்த நாளே பெரியப்பாவிடம், "இனிமே பாப்பா நடுவுல வாணாம்ணா, உனுக்கு இன்னா வேணுமோ அதுங்கிட்டயே கேளு" என்றார். பெரியப்பா முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டு, குழம்பு வேண்டுமென்று அம்மாவைப் பார்த்தே கேட்டார். சாப்பிடும்போது அப்பா அம்மாவைப் பார்த்து, "பஸ்ல பேசற மாதிரி ஏதாவது பேசேன், கேப்போம்" என்பார். கேலியாக இல்லை, ஆசையாகத்தான். அம்மா குழம்புக் கரண்டியோடு நிற்பாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்பாள்.

அந்த அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் அம்மாவோடு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மூன்று மணி வண்டியில் அவள் பின்னாலேயே ஏறினேன். டிரைவருக்கு என்ன சொல்வாள், சொத்தை என்கிறவரை எப்படி மடக்குவாள் என்று கேட்கக் காத்திருந்தேன். அம்மா, "மல்லாட்டை, மல்லாட்டை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் போனாள். சீட்டில் இருந்த ஒருவர், "இன்னாக்கா, கொஞ்ச நாளாவே சத்தத்தைக் காணோம்" என்றார். அதற்கும் பொட்டலத்தைத்தான் நீட்டினாள்.

பின் சீட்டில் புதிதாகத் தெரிந்த ஒருவர், கண்ணாடி போட்டவர், எழுந்து எட்டிப் பார்த்தார். "இன்டர்நெட்ல வந்தது நீங்கதானேங்க? உங்களப் பாக்கத்தான் இந்த வண்டியில வந்தேன். ஏதாவது சொல்லுங்களேன்" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

எனக்கு அதுவரை இல்லாத ஒரு தைரியம் எங்கிருந்தோ வந்தது. அத்தனை பேர் நடுவில், "ஆமாங்க, எங்கம்மாதாங்க" என்றேன். அதோடு நிற்காமல், விழுப்புரத்தில் படித்ததை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். கோபத்தைக் கலந்து தருவது, கல்யாணம் ஆனவர், டிரைவருக்கு மறந்துபோவது, எல்லாம். பஸ் சிரித்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள். பொட்டலங்கள் அத்தனையும் அந்த ஒரு வண்டியிலேயே தீர்ந்துபோயின.

அவள் வழக்கமாக இறங்குகிற வளைவு வருவதற்கு முன்னாலேயே அம்மா பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, என் கையைப் பிடித்து இறங்கினாள். கீழே நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் சுருங்கியிருந்தது. எதிர் வெயில் கூசுகிறது என்று நினைத்து, காலிக் கூடையை வாங்கி அவள் முகத்துக்கு நேரே நிழலாகப் பிடித்தேன்.