பன்னிரண்டு கம்பிக்கு ஒரு மஞ்சள் துணி

விரலால் தட்டி வாசிக்கும் பன்னிரண்டு கம்பி வாத்தியம் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் இருக்கும் காஜா பெராங்கில் மட்டுமல்ல, மலாக்கா முழுக்கத் தேடியும் இதற்கு வாத்தியாரும் இல்லை, புத்தகமும் இல்லை.

இருப்பது இணையத்தில் ஒரே ஒரு குழு. ஒரு கம்பியைத் தட்டினால் தட்டாத கம்பிகளும் சேர்ந்து இரைகின்றனவே, என்ன செய்வது என்று அங்கே நாலு முறை கேட்டேன். பதிலே இல்லை.

"புது காடி எடுத்தா சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு பூஜ போடுறோம்ல? இதையும் கோயிலுக்குக் கொண்டு போங்க லா," என்றாள் மனைவி.

இன்று காலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இது கித்தாரா, வீணையா?" என்றார் குருக்கள்.

"ரெண்டும் இல்ல சாமி. தட்டுனாலே சத்தம் வரும்."

"சரி, பிள்ளையார் பாத்துக்குவாரு."

சந்தனம் வைத்து, கம்பிகளோடு சேர்த்து அதன் கழுத்து உச்சியில் மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து தட்டினால் இரைச்சல் இல்லை. தட்டாத கம்பிகளைத் துணி அமுக்கிவிட்டது; தட்டிய கம்பி மட்டும் விரலுக்குக் கீழே ஒலித்தது.

வாசித்ததைப் பதிந்து குழுவில் போட்டேன். மூன்று மாதமாக வாய் திறக்காத ஒருவர் ஐந்தே நிமிடத்தில் கேட்கிறார்: "அந்த மஞ்சள் பட்டை எந்தக் கடையில் கிடைக்கும்?"

தேங்காய், வாழைப்பழத்தோடு மலாக்காவுக்கு வரச் சொல்லட்டுமா?