தாமஸின் தாய் ஊற்றிய தேநீர்

யூட்டாவில் என் அடுக்களையில் எல்லாம் இருக்கிறது, தேயிலை மட்டும் கிடையாது. என் கணவர் ஈத்தன் மார்மன் சபையைச் சேர்ந்தவர். தேநீரும் காப்பியும் அவர்களுக்கு விலக்கு. நான் சபையில் சேரவில்லை. இருந்தாலும் எனக்கென்று தனியாக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. மூணாறு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள், தேநீர் இல்லாத வீட்டில் விடிந்து எழுகிறேன்.

சென்ற டிசம்பரில் அவரை முதன்முறையாக ஊருக்குக் கூட்டிப் போனேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலேயே ஆயுளைக் கழித்தவர். எங்கள் கல்யாணத்துக்கு அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார். நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கியதும் தன் கையாலேயே தேநீர் போட்டு மருமகனிடம் நீட்டினார். ஈத்தன் பணிவாகக் கைகூப்பி மறுத்தார். அப்பாவின் முகம் இறுகியது.

"ஏம்மா, தொரைக்கு நம்ம வீட்டுல கை நனைக்க ஆகாதாக்கும்?"

"அவுக சாமிக்கு ஆகாதுப்பா."

"தேத்தண்ணியில என்ன சாமி? எங்கப்பன ஒரு தொரையும் வீட்டுப்படி ஏத்துனதில்ல. இவரு என் வீட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு வேணாங்காரு!"

அப்பாவுக்கு ஏன் கோபம் என்று ஈத்தன் ஆங்கிலத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். வெளிறிப்போனார். பிறகு, "அப்பாவிடம் தாமஸைப் பற்றிச் சொல்" என்றபடி, கூடவே கொண்டுவந்திருந்த தன் வயலினை எடுத்தார்.

அப்பாவிடம் சொன்னேன். தாமஸ் ஈத்தனுடைய பாட்டனுக்குப் பாட்டன். இங்கிலாந்தில் ஒரு நெசவாலை ஊரில் கல்யாண வீடுகளுக்கு வயலின் வாசித்தவர். மார்மன் சபையில் சேர்ந்து, அமெரிக்காவுக்குக் கப்பலேறும் முன் தாயிடம் விடைபெறப் போனார். அவள் தேநீர் ஊற்றி வைத்தாள். அவர் தொடவில்லை. அவள் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பிடித்த மெட்டை வாசலில் நின்றே வாசித்தார். பின்னர் அமெரிக்காவில் சபையாரோடு மூட்டை முடிச்சுகளைக் கைவண்டியில் இழுத்துச் சமவெளிகளைக் கடந்தபோதும், யூட்டாவில் நடனங்களுக்கு வாத்தியக் குழு நடத்தியபோதும் அந்த மெட்டை விடவில்லை.

ஈத்தன் அதையே வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிப்பு முடிந்ததும் கேட்டார்:

"அந்தம்மா கதவத் தெறந்துச்சா?"

"இல்லப்பா. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துக்கவே இல்ல."

 அப்பா எழுந்தார்.

"பாலாவது குடிப்பாரா, கேளு."

காய்ச்சிய பாலை ஈத்தன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்பா இன்னொரு டம்ளரில் சூடாகத் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"நீயும் அவுக சாமிதானா?"

வாங்கிக் குடித்தேன். நாக்கு அந்த ருசியை உடனே கண்டுகொண்டது. கண்கள் மட்டும் ஈத்தனின் முகத்தை விட்டு அகலவில்லை.