கோபித்துக்கொண்டு வர ஒரு வீடு

குக்கரை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது என் மகள் கவிதா அழைத்தாள். “அம்மா, அத்தை...” என்றவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. மருமகன் பிரகாஷ் போனை வாங்கினார். “அத்தை, அம்மா தூங்கினவங்க எழுந்திருக்கல. கார் அனுப்பறேன், வந்துடுங்க.” அடுப்பை அணைத்தேனா என்று கூட எனக்கு நினைவில்லை. மாலையில் திரும்பியபோது அரிசி அப்படியே ஊறிக் கிடந்தது.

சேலையூரில் தேசம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அவர் பெரியம்மா, சிலருக்கு அத்தை, கடைத்தெருவுக்கு ஜல்லிக்கடை அம்மா. நெல் விளைந்த நிலத்தில் இன்று செங்கல்லும் மணலும் விற்கிற குடும்பம். எனக்கு அவர் சம்பந்தி. நான் அஸ்தினாபுரத்தில் தனியாக இருப்பவள், கணவர் இல்லை, மின்சார ரயிலில் அலுவலகம் போய்வந்தே ஓய்வு பெற்றவள். சம்பந்தி என்றால் தீபாவளிக்குப் பலகாரம், பொங்கலுக்கு வரிசை, மற்றபடி தூரத்திலிருந்து ஒரு கும்பிடு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரு வேன் பயணத்தில் கலைந்தது. அவர்கள் குடும்பம் வருஷா வருஷம் உத்திரமேரூர் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும். ஒரு வருஷம் என்னையும் இழுத்துப் போனார்கள். எனக்குச் சர்க்கரை நோய், அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் நிறைந்த வேனில் அதை எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த தேசம்மாள் என் முகத்தை ஒரு முறை பார்த்தார்.

“டேய், வண்டிய நிறுத்து. எனக்கு வவுறு சரியில்ல.”

ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். “சம்பந்தி, தொணைக்கு வாங்க” என்று என் கையைப் பிடித்து இறக்கினார். போகவர இன்னும் சில இடங்களில் இதே கதை. “இன்னா பெரிம்மா, இன்னிக்கி கோயிலு போய்ச் சேருவமா?” என்று பின்சீட்டில் கிண்டல் செய்தார்கள். “ஒங்களுக்கும் வயசாவும்டா” என்று எல்லாவற்றையும் தன் தலையில் வாங்கிக்கொண்டார். அதைப் பற்றி என்னிடம் கடைசி வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறு வருஷம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்ததும் கவிதா, “ஃபிளாட்டை வித்துடலாம்மா, எங்களோடயே வந்துடு” என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த தேசம்மாள் இதைக் கேட்டதும் கேரியரைத் திறக்காமலே கீழே வைத்தார்.

“விக்கக் கூடாது.”

“அம்மா தனியா எப்படி இருப்பாங்க அத்தை?”

“நான் போய் கூட இருக்கறேன், ஒங்கம்மா கால் ஊனி நடக்கற வரைக்கும். என் வூட்ல வந்து ஒக்காந்தா விருந்தாளியாட்டம் கூச்சப்பட்டுகினே இருப்பாங்க, ஒடம்பு தேறாது. அதுவும் இல்லாம, நாளைக்கு எங்கூட சண்ட போட்டுகினு நீ கோச்சிக்கினு போறதுக்கு ஒரு வூடு வோணாமா?”

கவிதா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “எங்க அண்ணனுக்குப் புள்ள குட்டி இல்ல. அவரு போனதும் நான் பொறந்த வூட்ட பூட்டியாச்சு. அப்பறம் எனக்குக் கோவம் வந்தா போறதுக்கு எடமே இல்லாம போச்சு. கொல்லைல கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வந்துடுவேன்” என்றார்.

சொன்னபடியே வந்து இருந்தார். வீடு நிறைய ஆட்களை விட்டுவிட்டு வந்து, என் ஹாலில் பாய் போட்டுப் படுத்து, என்னை நடக்க வைத்துவிட்டுத்தான் போனார். ஃபிளாட்டை நான் விற்கவில்லை.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, ஒரு மதிய வேளையில் அழைப்புமணி அடித்தது. வாசலில் துணிப்பையோடு தேசம்மாள். வீட்டில் கார்கள் நிற்க, பஸ்ஸில் வந்திருந்தார்.

“நானும் கோச்சிக்கினு வந்துட்டேன் சம்பந்தி.”

பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட அவருடைய பிள்ளைகள் பேசி முடித்துவிட்டார்களாம். அளக்க வந்த ஆள் சொல்லித்தான் இவருக்கே தெரியுமாம்.

“அந்த வீட்டு மேல உங்களுக்கு ரொம்பப் பாசம் இல்ல?” என்றேன்.

“பாசமா? மழ வந்தா ரூமுக்கு ரூம் ஒழுவுது. இடிக்கட்டும், எனக்கும் லிஃப்ட் வோணும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணுமா, வோணாமா?”

மாமியார் கோபித்துக்கொண்டு மருமகளின் தாய் வீட்டில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? பயந்தபடியே ஆயிற்று. நான்தான் தூபம் போடுகிறேன் என்று மூத்த மருமகள் சொன்னதாகக் கவிதா போனில் அழுதாள். “எப்படியாவது அனுப்பி வச்சிடும்மா.”

“அவங்களா கெளம்பட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரகாஷும் அவர் அண்ணன் செல்வமும் வந்தார்கள். செல்வம் ஆஜானுபாகுவான மனிதர். சோபாவில் உட்காராமல் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அப்படியே அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

“இடிக்கலாமாம்மா?”

“இடி” என்றார் தேசம்மாள். எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

பிரகாஷ் அனுப்பிய காரில் நான் போய் இறங்கியபோது, அந்தப் புதுக் கட்டடத்தின் கீழே, கார் நிறுத்தும் இடத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடித்ததும் சடங்கு செய்பவர் குரல் கொடுத்தார். “பொறந்த வூட்டு கோடி யாருப்பா எடுத்தாந்துகீறது?” கூட்டத்தில் யாரும் அசையவில்லை. தாய் வீட்டுப் புடவையைப் போர்த்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவரும் மிச்சமில்லை. செல்வம் உள்ளே போய் ஒரு புதுப் புடவையோடு வந்தார். நேரே என்னிடம் வந்து நீட்டினார்.

“இவங்க போடட்டும்.”

“சம்பந்தி எப்பிடிப்பா பொறந்த வூடு ஆவாங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“எங்கம்மா கோச்சிக்கினு போன வூடு இவங்க வூடுதான்” என்றார் செல்வம்.

புடவையைப் பிரித்துப் போர்த்தினேன். கவிதா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

தேசம்மாளின் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம்கூட இல்லை. காரியத்துக்கு நேரம் சொல்ல நேற்று செல்வம் போன் செய்தார். இத்தனை வருஷமாக என்னை ‘கவிதா அம்மா’ என்றே கூப்பிட்டவர்.

“சின்னம்மா, காலைல சீக்கிரம் வந்துடுங்க” என்றார்.

“வரேன்பா” என்றேன். தேசம்மாள் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்.