ஸ்டென் துப்பாக்கியும் அம்மா வைத்த இனிஷியலும்

அம்மா மறைந்த அன்று காலடிப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், அம்மாவின் பெயருக்கு முன்னால் 'ஆர்.' என்று ஓர் எழுத்து இருந்தது. அது அம்மாவை விட்டுப் போனவரின் எழுத்து. அம்மா தம் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைப் போட்டுக் கையெழுத்திட்டதில்லை. அழுது வீங்கிய முகத்தோடு நான் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அதில் ஏறி நின்று, அந்த எழுத்தின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். சாவு வீட்டில் மகள் செய்கிற காரியமா இது என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். எனக்கு இன்றுவரை அதில் வருத்தமில்லை.

அம்மாவின் நினைவாக நாங்கள் போடும் இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் அம்மாவின் அண்ணன், என் மாமா, தொலைபேசியில் கூப்பிட்டார். "அமுதா, பேனர்ல பண்ண கூத்து போதும். புக்குல உன் பேருக்கு ஒழுங்கா ஆர். போடு. புடிக்கலியா, இனிஷியலே போடாத, வெறும் அமுதவல்லின்னு போட்டுட்டுப் போ. நாலு பேரு படிக்கிற புக்கும்மா" என்றார். மாமா நல்லவர். அம்மாவின் பாடைக்கு முன்தோள் கொடுத்தவர். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். என் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதைக் கட்டுரையின் முடிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது எண்ணூரில். முகத்துவாரத்துப் பக்கம், உப்புக்காற்றில் தகரம் துருப்பிடிக்கிற வீடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கல்யாணம் செய்து வைத்தார்கள். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே கட்டியவர் வேறு குடித்தனம் போய்விட்டார். வியாசர்பாடியில்தான் இருந்தார், தொலைதூரம் எங்கும் போய்விடவில்லை. அவரைப் பற்றி எழுத வேண்டியது இவ்வளவுதான்.

பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். அம்மா வரவில்லை. தண்டையார்பேட்டையில் மடக்கு நாற்காலியும் இரும்புக் கட்டிலும் செய்கிற ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பெருக்கவும் தண்ணீர் பிடிக்கவும்தான் சேர்த்தார்கள். வெல்டிங் கற்றுக்கொண்டார். அவருக்கு முன்பே அங்கே வெல்டிங் கற்றுக்கொண்டு கண்ணாடி மாட்டி நின்றவர் தெரசா சித்தி. உடன்பிறந்த சித்தி அல்ல. ராயபுரத்தில் பிறந்து, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட பெண். அந்த வருடமே இருவரும் சேர்ந்து ஒரே வீடு வாடகைக்குப் பிடித்தார்கள். நான் யார் மடியில் அதிகம் தூங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நாசரேத் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒருநாள் பாரிமுனையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அம்மா வெல்டிங் வைத்த நாற்காலியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கலீஜா கீதே அண்ணாச்சி. பொம்பளைங்கள வெல்டிங்குக்கு வச்சா இப்டித்தான்" என்றாராம்.

அண்ணாச்சி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆட்டிக் காட்டிவிட்டுச் சொன்னாராம்: "பட்டாளத்துல நான் தூக்கின ஸ்டென்கன் இதைவிட அசிங்கமா இருக்கும் பாத்துக்கிடும். ஒரு குழாய், கொஞ்சம் தகடு, மேல வெல்டிங். அவ்வளவுதான் துப்பாக்கி. தண்ணிக்குழாய்ன்னு கேலி பண்ணுவானுவ. ஆனா அதை வச்சுத்தான் வெள்ளைக்காரன் சண்டை போட்டான்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மா விடவில்லை, முழுக்கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் உலகப் போரில் ஆயுதங்களைக் கடற்கரையில் போட்டுவிட்டுத் தப்பி வந்த பிரிட்டிஷ் படைக்கு அவசரமாகத் துப்பாக்கி தேவைப்பட்டது. மலிவாக வேண்டும், சீக்கிரம் வேண்டும். அதனால் பெரிய ஆயுத ஆலைகளில் மட்டுமல்லாமல் சின்னச் சின்னப் பட்டறைகளிலும், பொம்மை செய்த கம்பெனியிலும்கூட அதன் உறுப்புகளைச் செய்தார்கள். கீழே போட்டால் சில நேரம் தானாகவே வெடித்துவிடும் என்றும் அண்ணாச்சி சொன்னார். அம்மாவுக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான்.

"ஸ்டென்னுன்னா இன்னா அண்ணாச்சி அர்த்தம்? வெள்ளைக்காரன் ஊர்ல யாரோட பேரு அது?" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

"அது பேரே இல்லம்மா, வெறும் இனிஷியலு. அதைச் செஞ்சது ரெண்டு பேரு. ஒருத்தருக்கு எஸ், இன்னொருத்தருக்கு டி. கடைசில ஈ, என். அது ஊரு" என்றார் அண்ணாச்சி. அவர் ஊரின் பெயரைச் சொன்ன நேரம் பார்த்து, பின்னால் பிரஸ் மிஷின் தகட்டில் டமாரென்று இறங்கியிருக்கிறது. அம்மாவுக்குக் காதில் விழுந்தது 'என்' மட்டும். எங்கள் பகுதியில் ஈ, என் என்று ஆரம்பிக்கிற ஊர் வேறு எது? ரயில்வே ஸ்டேஷன் பலகையிலேயே இங்கிலீஷில் எழுதியிருக்கிறதே. அம்மா வீட்டுக்கு வந்து தெரசா சித்தியிடம், "அந்தத் துப்பாக்கில எங்க ஊரு பேரு கீதுடி. எண்ணூரு" என்றார். அதன் பிறகு பல வருடங்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர் உலகப் போர்த் துப்பாக்கி எண்ணூரில் செய்தது என்றே நம்பினார்கள்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது இரண்டு பேருமே வந்தார்கள். அலுவலகத்தில் இருந்த எழுத்தர், அப்பா பெயரின் முதல் எழுத்தைக் கேட்டார்.

"அவரு இல்ல சார்" என்றார் அம்மா.

"தவறிட்டாராம்மா?"

"வியாசர்பாடில சௌக்கியமா கீறாரு."

"அப்ப அவர் எழுத்தைத்தானே போடணும்? அதாம்மா முறை."

"வளக்கறது நானும் இவளும். அவரு எழுத்து எதுக்கு? துப்பாக்கிக்கு அப்டித்தான் சார் வச்சிக்கிறாங்க" என்றார் அம்மா.

துப்பாக்கி என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பியூன் ஓடி வந்தார். தலைமை ஆசிரியை வந்தார். தெரசா சித்தி நடுவில் புகுந்து, "பயப்படாதீங்க சார், இது அந்தத் துப்பாக்கி இல்ல" என்று சொல்லப் போய் இன்னும் பேஜாராகிவிட்டது. கடைசியில் தலைமை ஆசிரியை எல்லோரையும் உட்காரவைத்து நிதானமாகக் கேட்டார். அம்மா ஸ்டென் கதையை முதலிலிருந்து சொன்னார். செய்தவர்கள் இரண்டு பேர், பிறகு ஊர். அதேபோல என் மகளுக்கு எஸ் என்றால் என் பெயரின் முதல் எழுத்து, டி என்றால் தெரசா, கடைசியில் ஈ, என் இரண்டும் சேர்ந்த என், எங்கள் எண்ணூர் என்றார்.

"அப்பா எழுத்து இல்லாம எப்படிம்மா?" என்று தயங்கினார் தலைமை ஆசிரியை.

"எழுத்துல ஆம்பள எழுத்து, பொம்பள எழுத்துன்னு கீதா டீச்சர்?" என்று கேட்டார் சித்தி.

தலைமை ஆசிரியை சேர்க்கைப் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எழுத்தரிடம் கொடுக்காமல் தாமே எழுதினார். அந்த அம்மையாரை எனக்கு நினைவில்லை. ஆனால் அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வகுப்பில் பையன்கள் என்னை ஸ்டென்கன் என்று கூப்பிட்டு, வாயாலேயே சுட்டுக் காட்டுவார்கள். நான் அழுதுகொண்டு வந்தால் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "கூப்ட்டா கூப்டட்டும். கீழ போட்டா வெடிப்பேன்னு சொல்லு" என்பார். நான் சொன்னேன். அதன் பிறகு பள்ளிக்கூடம் முடிகிற வரை என்னை யாரும் கீழே தள்ளவில்லை.

என் கல்யாணப் பத்திரிகையிலும் இதே சண்டை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டார்கள், எங்கள் சொந்தங்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. வராதவர்களின் சாப்பாட்டை அம்மா எர்ணாவூர் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அம்மாவைக் குறைசொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம்: வாய் துடுக்கு, பிடிவாதம் அதிகம், சமையல் சுமார். யாருக்கும் பயந்தார் என்று மட்டும் சொல்ல முடியாது.

கடைசியில் மூச்சு முட்டத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்த ஒரு மதியம், அவருக்குப் பொழுது போகட்டுமே என்று ஸ்டென் கதையைத் தேடிப் படித்துக் காட்டினேன். எல்லாம் அண்ணாச்சி சொன்னபடியே இருந்தது, ஒன்றைத் தவிர. நான் நிறுத்தியிருக்கலாம். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி?"

"அது எண்ணூர் இல்லியாம்மா. என்ஃபீல்டாம். அந்த நாட்டுல ஒரு ஊரு."

"அது நம்ம ரோட்ல டபடபன்னு போற வண்டி பேராச்சே."

"அந்த ஊரு பேருதாம்மா அது. ஆனா செஞ்ச ரெண்டு பேருல ஒருத்தரு, அது இங்கிலாந்துன்னு சொல்லிக்கிறாரு."

அம்மா இருமல் வரும்வரை சிரித்தார். தெரசா சித்தி ஓடி வந்து முதுகைத் தடவினார். "செஞ்சவனுக்கே ரெண்டு பதிலா? அப்ப விடு" என்றார் அம்மா. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் பேர சொல்லு" என்றார்.

"எஸ். டி. என். அமுதவல்லி."

"எஸ்ஸையும் டியையும் வுட்டுட்டு சொல்லு."

"என் அமுதவல்லி" என்றேன்.

"அவ்ளோதான். எண்ணூரு இல்லன்னா போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அம்மா என்னோடு அதிகம் பேசவில்லை. பேச முடியவில்லை.

மாமா, உங்களுக்கு இதுதான் என் பதில். நீங்கள் எடுத்துவிடச் சொன்ன எழுத்துகளில் ஒன்று என்னைப் பெற்றவர். இன்னொன்று இப்போது என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இந்த மலரை அனுப்ப உறைகள் ஒட்டிக்கொண்டிருக்கிறவர். மூன்றாவதை எடுத்தால் நான் யாருடையவளும் இல்லை.

அம்மாவுக்கு இரவு பகல் பார்க்காமல் ஊசி போட வந்த செவிலியருக்கும், ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராதபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடிய தெருப் பிள்ளைகளுக்கும், பட்டறையை மூடிவிட்டு வந்து நின்ற அண்ணாச்சி குடும்பத்தாருக்கும், முன்தோள் கொடுத்த மாமாவுக்கும், சித்தியும் நானுமாக எங்கள் இரண்டு பேரின் நன்றி. முகம் சுளித்தவர்களுக்கும் ஒரு மலர் அனுப்புகிறோம். வீட்டுக்கு வாருங்கள், அம்மா செய்த நாற்காலி இருக்கிறது, உட்காரலாம்.

காலடிப்பேட்டையிலிருந்து,
அம்மாவின் மகள்
எஸ். டி. என். அமுதவல்லி