கஸ்தூரிரங்கனின் பிண்ணாக்குக் கோழிகள்

கஸ்தூரிரங்கனுக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. கிடைத்த இடம்தான் வில்லங்கம். 1956-ல் கோவளத்தில் புதிதாகத் திறந்த கறிக்கோழிப் பண்ணைக்கு அவர் மேற்பார்வை. திருவிடந்தைப் பெருமாளுக்குத் தினமும் துளசி மாலை கட்டிக் கொடுக்கிற வீட்டுப் பிள்ளை, விடிந்ததும் கோழிக்குக் கருவாட்டுத் தூள் அள்ளிப் போட்டார். தலையெழுத்து, வேறென்ன!

மனைவி பர்வதம் மூன்றாம் நாளே வாசற்படியில் மறித்தாள்.

"ஏன்னா, இந்த நாத்தத்தோட உள்ளே வராதேள். குளிச்சாலும் போகமாட்டேங்கறது."

அன்றிலிருந்து அவருக்கு மாட்டுக் கொட்டிலில்தான் சாப்பாடு. பசுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மனுஷன் எத்தனை நாள் பசுவோடு சாப்பிடுவார்? கருவாடு இல்லாமலே வளர்த்துக் காட்டுகிறேன் என்று மேலதிகாரி ஏசுதாஸிடம் அனுமதி வாங்கினார். கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, வேகவைத்த கொள்ளு என்று தீனி மாறியது. அதுவரை பண்ணைக்குக் கருவாடு விற்ற செல்லம்மாவுக்கு வயிறெரிந்தது.

"இன்னா சாமி, அடுத்தது கோழிக்குப் பூணூலு போட்டுடுவியா? மீனு துண்ணாத கோழி எங்கனா சதை வெக்குமா?"

வைத்தது. அதற்குக் காரணம் பர்வதம். மீன் இல்லை என்றதும் பிண்ணாக்கு ஊறவைப்பதும் கொள்ளு வேகவைப்பதும் அவள் வேலையாயின. நோஞ்சான் சேவல் குஞ்சு ஒன்றைக் கொட்டிலுக்கு வரவழைத்து, கையால் ஊட்டித் தேற்றி, கிட்டு என்று பெயர் வைத்துப் பண்ணைக்கு அனுப்பினாள். அக்கம்பக்கம் மூக்கில் விரல் வைத்தது. கஸ்தூரிரங்கனுக்கோ கூடத்தில் மறுபடி இலை விழுந்தது. அது போதும் அவருக்கு.

ஒரு நாள் காலை ஏசுதாஸ் வந்து கோழிகளைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"எடை பிரமாதம்! நம்ம கோழியிலே கருவாட்டு வாடை அடிக்குதுன்னு மாமல்லபுரம் சர்க்கார் பங்களாவிலே திருப்பி அனுப்பினாங்களே. இப்ப வாடை இருக்கான்னு ஒண்ணைச் சமைச்சுப் பார்த்துடுவோம்" என்று விரலை நீட்டினார். விரல் கிட்டுவிடம் போய் நின்றது.

கஸ்தூரிரங்கன் கிட்டுவை மறைத்துக்கொண்டு நின்றார். கிட்டு மேல் கத்தி பட்டால் இந்தப் படி ஏற வேண்டாம் என்று பர்வதம் முன்பே சொல்லியிருந்தாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை.

"வேற ஒண்ணு..." என்று இழுத்தார்.

"இதுதான்யா கொழுத்தது."

"ஸார், இன்னிக்கு ஏகாதசி."

"நான் கிறிஸ்தவன்யா. எனக்கேது ஏகாதசி?"

"உங்களுக்கில்லே ஸார். கோழிக்கு."

ஏசுதாஸ் சிரித்த சிரிப்பில் பண்ணையே மிரண்டு கொக்கரித்தது. "சரி, உம்ம கோழி விரதத்தை முடிக்கட்டும். நாளைக்குக் காலையிலே வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டில் நடந்ததைக் கேட்டுப் பர்வதம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, இன்னிக்கு தசமி! ஏகாதசி நாளைக்குத்தானே?"

கஸ்தூரிரங்கன் முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ்! இன்னிக்குச் சொன்னதுதானே பொய்? நாளைக்கு தைரியமா சத்தியத்தையே சொல்லிடறேன்."